பொக்கற்றில் தொடங்கும் வேலையுடுப்பு: வன்னியில் உழைக்கிற பெண்களுக்குத் தைப்பதும் கேட்டு வாங்குவதும்

வேலைக்கென்று ஒரு பெண்ணுக்குக் கொடுத்த உடுப்பு சரியோ பிழையோ என்று அறிய நாலு அசைவு போதும். உடுப்பைப் போட்டபடி முழுதாகக் குந்தி எழும்புங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். முழங்கால் மடக்காமல் குனிந்து நிலத்தைத் தொடுங்கள். கடைசியாக, ஒரு கையில் சைக்கிளையோ வாளியையோ பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தொலைபேசியை எடுத்து, திரும்ப வையுங்கள். குந்தும்போது தொடை இழுத்தால் கவட்டு வெட்டு பிழை. கை தூக்கும்போது சட்டை முழுக்க மேலே ஏறினால் கைக்குழி பிழை. குனியும்போது முதுகு தெரிந்தால் மேற்சட்டையின் நீளம் பிழை. தொலைபேசியை வைக்க இடமில்லாமல் சட்டைக் கழுத்துக்குள் செருக வேண்டி வந்தால், அந்த உடுப்பை வெட்டியவர் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யப்போகும் ஆளை நினைக்கவேயில்லை.

வன்னியில் பெண்கள் செய்யாத வேலை குறைவு. காலபோகத்தில் களை பிடுங்குவதும் கச்சான் ஆய்வதும் அவர்கள்தான். கல்லரிகிற இடம், வீதி வேலை, அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, கடை, முன்பள்ளி, பிரதேச செயலகம், கண்ணிவெடி அகற்றும் தளம் என்று எங்கும் அவர்கள் நிற்கிறார்கள். வீட்டுக்கு ஒரேயொரு உழைப்பாளியாக நிற்பவர்களும் அவர்களுக்குள் நிறையப் பேர். இவர்களுக்குக் கிடைக்கிற உடுப்போ இரண்டே வகை: ஆணுக்கு வெட்டியதில் சின்ன சைஸ், அல்லது பார்வைக்கு வடிவாக இருக்க வெட்டியது. இரண்டும் கையையும் காலையும் பிடித்து இழுக்கும். அரை மணிக்கொரு தடவை தோளில் கிடக்கும் சோலைச் (துப்பட்டாவைச்) சரிசெய்கிறவர், பெரிய கையுறைக்குள் விரல் தேடுகிறவர், வழுகும் சப்பாத்தோடு மெதுவாக நடக்கிறவர் அன்றைக்குக் குறைவாகத்தான் வேலை முடிப்பார். பிறகு "பொம்பிளையளுக்கு வேகம் காணாது" என்று கூலியில் குறைப்பார்கள். உடுப்பைத் திருத்துவதும் சமகூலி கேட்பதும் ஒரே வேலையின் இரண்டு முனை. அதனால் தையலில் தொடங்கிக் கடிதத்தில் முடிக்கிறோம். அளவுகள் அங்குலத்தில், துணி மீற்றரில்.

பஞ்சாபிக்குப் பொக்கற் வைத்தல்

ஏற்கெனவே இருக்கிற பஞ்சாபி மேற்சட்டையின் பக்கத் தையலுக்குள் பொக்கற் வைக்கலாம். தைத்துப் பழகியவருக்கு ஒரு மணித்தியால வேலை. 45 அங்குல அகலத் துணியில் 35 சென்ரிமீற்றர் வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் போதும். கெட்டியான பொப்லின் நல்லது. சட்டைத் துணியிலேயே மிச்சம் இருக்கிறதென்று மெல்லிய துணியில் பை தைத்தால் திறப்புக் கோல் மூன்று மாதத்தில் பையைத் துளைத்துவிடும். துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அழுத்திய பிறகே வெட்டுங்கள். கொற்றன் துணி முதல் தோய்ப்பில் மீற்றருக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் சுருங்கலாம். ஊறவைக்காத பை பிறகு சுருங்கிச் சட்டையின் பக்கத்தை இழுத்து நிற்கும்.

8 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் நாலு துண்டு வெட்டுங்கள். பொக்கற் வாயின் திறப்பு எவ்வளவு நீளம் என்பது ஆளைப் பொறுத்தது: விரல் முட்டிக்குக் குறுக்கே உள்ளங்கையின் அகலத்தை அளந்து 3 அங்குலம் கூட்டுங்கள். பெரும்பாலும் 6¼ அல்லது 6½ வரும். திறப்புக்குக் கீழே பை இன்னும் 4½ அங்குலமாவது இறங்க வேண்டும். இப்போதைய தொலைபேசிகள் 6½ அங்குல நீளம். பை ஆழமில்லாவிட்டால் குந்துகிற நேரம் தொலைபேசி வாய்க்காலில்தான் கிடக்கும்.

பஞ்சாபியில் அதிகம் பேர் பிழைவிடுவது பக்கவெட்டுத் தொடங்கும் இடத்தில். இடுப்பிலிருந்து 8½ அங்குலம் கீழே வெட்டு ஆரம்பிக்கிறதென்றால், பொக்கற் திறப்பு இடுப்புக்கு அரை அங்குலம் கீழே தொடங்கி 7 அங்குலத்தில் முடிய வேண்டும். திறப்புக்கும் வெட்டுக்கும் இடையில் 1½ அங்குலம் மூடிய தையல் இல்லாவிட்டால் கை போகும் வேகத்தில் இரண்டும் கிழிந்து ஒன்றாகிவிடும். பை பக்கவெட்டுக்குள்ளால் எட்டிப் பார்க்காமல் இருக்க, திறப்புக்குக் கீழே பையின் பக்க விளிம்பை 1½ அங்குலம் உள்ளே சரித்து வெட்டுங்கள்.

இனித் தையல். பக்கத் தையலைத் திறப்பின் நீளத்துக்கு மேலும் கீழும் அரை அங்குலம் கூட்டிப் பிரியுங்கள். முன்பக்க விளிம்பின் உட்புறத்தில், துணியின் கரையிலிருந்து வெட்டிய அரை அங்குல நாடாவை வைத்துத் தையுங்கள். இதை விட்டால் திறப்பு இழுபட்டு வாய் பிளந்து நிற்கும். தையல்கடைகளில் மிச்சம் பிடிப்பதும் இந்த நாடாவில்தான், கேட்டு வைப்பியுங்கள். பைத்துண்டுகளை முன்னுக்கும் பின்னுக்கும் ⅜ அங்குலத் தையலில் பிடித்து, பைப்பக்கம் மடித்து அழுத்துங்கள். பிறகு பையைச் சுற்றி இரண்டு முறை ஓட்டுங்கள், இரண்டாம் ஓட்டம் விளிம்பிலிருந்து ¼ அங்குலத்தில். திறப்பின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னுமாக ஐந்து தடவை ஓட்டி முடிச்சிடுங்கள். கை நுழையும் ஒவ்வொரு தடவையும் இழுவை வருவது அந்த இரண்டு புள்ளிக்குத்தான்.

200 கிராம் தொலைபேசியை ஒரு பக்கம் போட்டால் சட்டைக் கழுத்து அந்தப் பக்கம் சரியும். கட்டாயம் இரண்டு பக்கமும் பை வையுங்கள். இரண்டு பையின் மேல்மூலையையும் வயிற்றுக்குக் குறுக்கே உள்பக்கத்தால் ஒரு அங்குல நாடாவால் இணைத்துவிடுங்கள். பாரம் பக்கத்தையலில் தொங்காது, சட்டை முன்னுக்கும் சரியாது. காசுக்குத் தனியாக, காற்சட்டை இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் 4 அங்குலச் சதுரத்தில் சிப் வைத்த பை ஒன்று. நாட்கூலியை மார்புக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

ஆண்கள் சேட்டும் ஓவரோலும்

வயலில் பார்த்தால் கணவனின் அல்லது மகனின் பழைய நீளக்கைச் சேட்டை மேலே போட்டுக்கொண்டுதான் பெண்கள் நிற்பார்கள். வெயிலுக்கும் நெல்லின் சுணைக்கும் அது நல்ல காப்பு. பிரச்சினை தோளில். ஆணின் தோள் தையல் பெண்ணுக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் கீழே விழும். கைக்குழியும் அதோடு இறங்கும். இறங்கிய கைக்குழி கையை உடம்போடு கட்டிவைக்கும். பலர் இன்னும் பெரிய சைஸ் எடுத்தால் சரியாகும் என்று நினைக்கிறார்கள், அது இன்னும் இறுக்கும். கைக்குழி அக்குளுக்குக் கிட்ட எவ்வளவு உயர நிற்கிறதோ அவ்வளவுக்குக் கை சுதந்திரமாக எழும்பும்.

திருத்தம் இதுதான். கையைக் கழற்றுங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்துக்குத் தோளை வெட்டி, கையைத் திரும்ப ஏற்றுங்கள். அக்குளில் 3½ அங்குலச் சதுரத் துண்டை மூலைவாட்டில், வைர வடிவில் பொருத்துங்கள். துண்டைத் துணியின் குறுக்கு இழுவையில் வெட்டினால்தான் நீளும். சதுரத்தின் நாலு மூலையிலும் கால் அங்குலத்துக்கு முன்பே தையலை நிறுத்தித் திரும்ப வேண்டும். மூலையைத் தாண்டித் தைத்தால் சுருக்கு விழுந்து வியர்வையில் தோலை அறுக்கும்.

தெறிகளுக்கு இடையே சேட் வாய் பிளக்கிறதா? கழுத்திலிருந்து அளந்து இடைவெளி விட்டதுதான் காரணம். முதல் தெறியை மார்பின் மிக உயர்ந்த கோட்டில் வையுங்கள். அதிலிருந்து மேலும் கீழும் 3 அங்குலத்துக்கு ஒன்று. சீற் (பிட்டம்) பக்கம் இறுகினால் இரண்டு பக்கத் தையலையும் அடியிலிருந்து 4 அங்குலம் பிரித்து விளிம்பு மடியுங்கள்.

ஓவரோல் பெரிய கொடுமை. மலசலகூடம் போக முழு உடுப்பையும் தோளிலிருந்து கழற்ற வேண்டும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று அதன் விலை, சிறுபோக வெயிலில் மயக்கமும் வரும். ஒற்றை ஓவரோலை இரண்டாகப் பிரிக்க இடுப்புக்கு 2 அங்குலம் கீழே சுற்றிவர வெட்டுங்கள். கீழ்ப்பகுதிக்கு 2½ அங்குல அகலப் பட்டி தைத்து, 1½ அங்குல இலாஸ்ரிக் போடுங்கள். இலாஸ்ரிக்கின் நீளம் இடுப்புச் சுற்றிலிருந்து 3 அங்குலம் குறைய. வெறுமனே வெட்டி மடித்துவிட்டால் மேற்பகுதி குட்டையாகி, குனிகிற நேரம் முதுகு வெளியே வரும். ஆகவே மேற்பகுதியின் கீழ் 8 அங்குலத் துண்டைச் சுற்றிவரச் சேருங்கள். அரை மீற்றர் துணி போகும். மேலும் கீழும் 6 அங்குலமாவது ஒன்றின்மேல் ஒன்று கிடக்க வேண்டும். கவட்டில் 4 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றையும் பொருத்திவிட்டால் குந்துவதில் தடையிராது. தீ, இரசாயனம், மின்சாரம் ஆகியவற்றிலிருந்து காப்பதற்கென்று கொடுத்த விசேட ஓவரோலை இப்படி வெட்ட வேண்டாம். அதற்கு இரண்டு துண்டாக வரும் வகையை வாங்கித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

புதிதாகத் தைப்பிப்பதென்றால் வெளிவேலைக்கு கொற்றன் ட்ரில், உள்வேலைக்குப் பொப்லின். அடுப்பு, சூளை, வெல்டிங் பக்கத்தில் பொலியெஸ்ரர் வேண்டாம். அது உருகித் தோலில் ஒட்டும். கொற்றனும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது.

சுழலும் மெசின் பக்கத்தில் சோல்

அரிசி ஆலையின் பெல்ற், சூடடிக்கும் மெசின், மா அரைக்கிற மில், கல்லரிகிற கலவை மெசின் எதுவானாலும் சோலும் சாறி முந்தானையும் தொங்குகிற பின்னலும் உள்ளே போனால் ஆளையும் சேர்த்து இழுக்கும். பெல்ற் ஒரு செக்கனில் பல சுற்றுப் போகும், கை எட்டி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மோட்டார் சைக்கிளின் பின்சில்லும் சங்கிலியும் இதே ஆபத்துத்தான்.

சோலைக் கழற்று என்று சொல்வது இலகு. கழற்றியபின் வருகிற பார்வையையும் கதையையும் தாங்குவது அந்தப் பெண். அதனால் சோல் செய்கிற வேலையை உடுப்பே செய்யும்படி தையுங்கள்: மார்புக்கு மேல் இரட்டைத் துணி வைத்த முன்பக்கம், அல்லது கையில்லாத, இடுப்பு வரை வரும் மேலங்கி. மேலங்கியில் நாடா, கயிறு, தொங்கும் பட்டி எதுவும் இருக்கக்கூடாது. முன்பக்கம் அமுக்குத் தெறி நாலு போடுங்கள். இழுபட்டால் தானாகத் திறந்து கழன்றுவிடும். கைமுனை இலாஸ்ரிக் வைத்து மணிக்கட்டோடு நிற்க வேண்டும். தலைமயிரைக் கொண்டையாக்கித் துணித் தொப்பிக்குள் முழுதாக விடுங்கள். தாலிக்கொடியும் வளையலும் கூட மாட்டும். கொடியைச் சட்டைக்குள் விட்டு, கழுத்துத் தெறியைப் பூட்டுங்கள்.

காலும் கையும்

சப்பாத்து 6ஆம் இலக்கத்துக்குக் கீழே இல்லை என்பது பெண்கள் அடிக்கடி கேட்கும் பதில். பஞ்சு அடைத்துப் போடு என்றும் சொல்வார்கள். அடைத்த சப்பாத்தில் குதி மேலும் கீழும் அசைந்து கொப்பளிக்கும், விரல் மடியாத இடத்தில் சப்பாத்து மடிந்து தடக்கி விழுத்தும். பின்னேரம் கால் சற்றே வீங்கியிருக்கும் நேரம், எழுந்து நின்றபடி கடதாசியில் இரண்டு காலையும் வரையுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலம் கூட்டி, அந்த நீளத்தைக் கடைக்காரரிடம் கொடுங்கள். அரை இலக்க வித்தியாசத்தைத் தடித்த உள்ளட்டை ஒன்று தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

சேற்று வயலில் கம்பூட்ஸைச் சேறு கழற்றி எடுப்பதால் பலர் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னக் கீறலாலேயே உள்ளே போகும். புடையன் கடியும் கணுக்காலில்தான் கூட. பழைய சைக்கிள் ரியூப்பை ஒரு அங்குல அகல வளையமாக வெட்டி, புறங்காலின் மேலும் குதிக்குப் பின்னாலும் எட்டுப் போலப் போட்டால் பூட்ஸ் காலோடு நிற்கும். இறுக்கிப் போட்டால் கால் விறைக்கும். வயல் வேலைக்கு முன் எலிக்காய்ச்சலுக்கான தடுப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வழமையாகக் கொடுக்கிற டொக்சிசைக்ளின் அவர்களுக்கு ஏற்றதல்ல.

கையுறைக்குப் பெருவிரலை விட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி அளந்த அங்குலமே இலக்கம்: 7 அங்குலம் வந்தால் 7ஆம் இலக்கம். விரல் நுனியில் அரை அங்குலம் வெறுமையாகக் கிடக்கிற கையுறை மெசினில் மாட்டும், கருவி பிடிக்கிற பலத்தையும் குறைக்கும்.

கண்ணிவெடி அகற்றுவோரின் கவசம்

முகமாலைப் பக்கம் உள்ளிட்ட தளங்களில் மண்ணைக் கிளறிக் கிளறி முன்னேறும் பெண்களுக்கு மேலே சொன்ன தையல் எதுவும் கவசத்தில் பொருந்தாது. கவசத்தை வெட்டவோ, தையல் பிடிக்கவோ, ஊசியால் குத்தவோ கூடாது. ஊசி போன இடத்தால் ஈரம் உள்ளே போய் இழை பலமிழக்கும். செய்யக்கூடியது, சரியான சைஸைக் கேட்டு நிற்பது. வேலை செய்யும் நிலையிலேயே, முழங்காலில் நின்று முன்னுக்குச் சாய்ந்தபடி, இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மார்பு கவசத்தை முன்னே தள்ளி அக்குளுக்குக் கீழே உடம்பு தெரிகிறதா, கழுத்துக் கொலருக்கும் முகக்கவசத்துக்கும் இடையே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். முகக்கவசத்தின் கீழ் விளிம்பு கொலருக்குள் இறங்கி நிற்பதுதான் சரி.

உச்சிக் கொண்டை தலைப்பட்டியை முன்னே தள்ளி முகக்கவசத்தைச் சரிக்கும். பிடரிக்குக் கீழே தாழ்ந்த பின்னலாகப் பின்னி உடுப்புக்குள் விடுங்கள். முகக்கவசம் 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற். பெற்றோல், தின்னர் கொண்டு துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய கொற்றன் துணியும் மட்டுமே. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் போட்டு வைக்க வேண்டாம்.

சாறி கட்டாயமான இடங்களில்

2019இல் அரச அலுவலகப் பெண்களுக்குச் சாறி அல்லது ஒசரி (கண்டியச் சாறி) என்று சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பால் திருத்தப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் அலுவலக உடைவிதி தளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு கண்ணியமான உடையில் பாடசாலை போனபோது, ஆசிரியைகளுக்குச் சாறிதான் என்று கல்வி அமைச்சு நின்றுவிட்டது. கிரவல் வீதியில் ஸ்கூட்டி ஓடி ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கப் பாடசாலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஐந்தரை மீற்றர் துணியின் பாரம் தெரியும். ஆண் ஆசிரியருக்கு ஒரு சேட்டும் காற்சட்டையும் போதும். விதி மாறும்வரை செய்யக்கூடியவை சில உண்டு.

உடம்போடு ஒட்டும் மீன்வெட்டுப் பாவாடையை வீதிக்குப் போட வேண்டாம். பஸ் படியில் கால் எட்டாது, சறுக்கினால் காலை அகற்றி ஊன்ற முடியாது. கீழ்ச்சுற்று 100 அங்குலமாவது வரும் பாவாடை தைப்பித்து, வலப்பக்கத் தையலில் மேலே சொன்ன அதே பொக்கற்றை வையுங்கள். கொசுவத்தை உள்ளே தள்ளும்போது பொக்கற் பக்கம் ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டால் கை உள்ளே போகும். முந்தானையை மடித்துத் தோளில் ஒன்று, இடது இடுப்பில் ஒன்றென்று இரண்டு பின் குத்துங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சாண்கூடத் தொங்கக்கூடாது. சில்லுக்குப் பக்கத்தில் சாறிக் காட் (சாறி சில்லில் மாட்டாமல் தடுக்கும் காப்பு) இல்லாத மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். சட்டைக் கையின் இறுக்கத்தைக் கரும்பலகைக்கு முன்னால் கைதூக்கி எழுதிப் பார்த்தே தையல்காரரிடமிருந்து எடுங்கள்.

வெள்ளைச் சீருடை பற்றி ஒரு வார்த்தை. மாதத்தில் ஐந்து நாள் மனதில் பயத்தோடு நிற்கவைக்கிற நிறம் அது. கீழ்ப்பகுதியையாவது கடும் நீலமாகவோ மண்ணிறமாகவோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பதற்கு நியாயமான காரணம் பெரும்பாலான வேலைகளில் இல்லை.

கணக்கும் கடிதமும்

கேட்கப் போகுமுன் கணக்கு வையுங்கள். ஒரு வருடத்தில் வேலைக்கென்றே வாங்கிய உடுப்பு, சப்பாத்து, கையுறை, தையல்கூலி, சோல், தொப்பி, பின் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டியதை உங்கள் ஒருநாள் சம்பளத்தால் வகுங்கள். வருகிற எண், வருடத்தில் எத்தனை நாள் உடுப்புக்காகவே உழைத்தீர்கள் என்பது. அதே தளத்தில் அதே வேலை செய்யும் ஆண் ஒருவரிடமும் இந்தக் கணக்கைக் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணையும் மேசையில் வைத்தால் "இது சின்ன விசயம்" என்று யாரும் தட்டிக்கழிக்க இடமிராது.

தனியே போகாதீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வேலைத்தளத்திலோ பத்துப் பேராவது சேர்ந்து ஒவ்வொருவரின் தோள், மார்பு, இடுப்பு, சீற், உட்கால், பாதம், கை ஆகிய ஏழு அளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். அளப்பது பெண்ணாக இருக்கட்டும், பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். பெண்ணின் உடம்பளவு தளம் முழுக்கத் திரியத் தேவையில்லை. கடிதத்தில் மூன்று கோரிக்கை போதும்: எந்த உடுப்பு, எத்தனை, எந்தத் திகதிக்குள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரியில் ஆபத்தை எழுதுங்கள். "வசதியில்லை" என்பதை விட "9ஆம் இலக்கக் கையுறை 7ஆம் இலக்கக் கைக்குக் கொடுக்கப்பட்டதால் கலவை மெசினில் விரல் மாட்டும் அபாயம்" என்ற வரிக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள்.

தொழிற்சாலை என்றால் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வேலைநேரத்தில் போடாத உடுப்பை வைக்க இடமும், நின்று வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கையும் அதில் சொல்லப்பட்டவை. உடுப்புக் காசைச் சம்பளத்தில் வெட்டினால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலோடு மாவட்டத் தொழில் அலுவலகம் போங்கள். அரச நிறுவனம் பாரபட்சம் காட்டினால் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் காரணமான பாகுபாட்டைத் தடுக்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் தவணையில் கணக்கிடப்படாது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, உடனடி இலக்கம் 1996. உடுப்பைச் சாட்டி மேலதிகாரி ஆபாசமாகக் கதைத்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுக்குள் வரும் பாலியல் தொந்தரவு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில் இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் கதைப்பதும் நல்லது, கடிதம் எழுதவும் துணை வருவார்.

வேலை தருபவர் சம்மதித்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தடவையில் தைப்பிக்க விடாதீர்கள். மூன்று வித்தியாசமான உடம்புக்கு ஒவ்வொரு செற் தைத்து, இரண்டு கிழமை உண்மையான வேலையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து தோய்ப்புக்குப் பிறகு திரும்ப அளங்கள். எங்கே கிழிந்தது, எங்கே உரசியது, எங்கே தண்ணீர் தேங்கியது என்பதை உடுப்பிலேயே வண்ண நூலால் அடையாளம் போட்டுத் தையல்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். மழை தொடங்கினால் எல்லாருக்கும் கை ஓயாது. ஐப்பசிக்கு முன் அளவும் துணியும் முடிவாகியிருக்க வேண்டும்.